கூடவேயா, பதிலாவா? குடல் அழற்சி உள்ள பிள்ளைகளும் அக்குபங்சரும்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இன்னிக்கு எடுத்துக்கிட்டது, பெற்றோர்கள்கிட்டேருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி. வார்த்தை மாறும், விஷயம் ஒண்ணுதான். "பையனுக்கு க்ரோன்ஸ்னு சொல்லி மருந்து போயிட்டிருக்கு. ஆனா வயித்து வலி முழுசா விடல, எப்பப் பார்த்தாலும் சோர்வா இருக்கான். சொந்தக்காரங்க அக்குபங்சர் பண்ணிப் பாருங்கன்னு சொல்றாங்க. பண்ணலாமா?"

சுத்தி வளைக்காம பதிலை முதல்லயே சொல்லிடறேன். இப்ப போயிட்டிருக்கிற மருத்துவத்தோட கூடவே பண்றதா இருந்தா, சில நிபந்தனைகளோட பண்ணலாம். அதுக்குப் பதிலா பண்றதா இருந்தா, வேண்டாம். 'கூடவே', 'பதிலா' ங்கிற இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கிற தூரம் எவ்வளவு பெருசுன்னு சொல்றதுதான் இன்னிக்கு நம்ம வேலை.

இது அல்சரும் இல்ல, மூலமும் இல்ல

நோயைப் பத்தி முதல்ல ஒரு ரெண்டு நிமிஷம். ஐ.பி.டி. ன்னு சொல்றோம். இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ், தமிழ்ல குடல் அழற்சி நோய். இதுல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு க்ரோன்ஸ். 1932-ல நியூயார்க்ல பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர்னு மூணு மருத்துவர்கள் எழுதின கட்டுரையிலேருந்து இந்தப் பேர் வந்துச்சு. இது வாயிலேருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் வரலாம். சிறுகுடல் முடியற இடத்துல வர்றது அதிகம். குடல் சுவரோட முழு ஆழத்துக்கும் போகும். அதனால நாள்பட நாள்பட குடல் சுருங்கிப் போறது, புரை ஓடறது எல்லாம் நடக்கும். இன்னொண்ணு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலோட உள்தோல்ல வர்ற புண். மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல ஏறும். ரெண்டுலயுமே நம்ம உடம்போட நோய் எதிர்ப்பு சக்தி, அடங்க வேண்டிய நேரத்துல அடங்காம, குடலையே தாக்கிட்டு இருக்கு.

நம்ம ஊர்ல இதுக்குப் பல பேர் குழப்பம் உண்டு. 'அல்சர்'னு சொன்னாலே சாப்பிடாம இருந்து வந்த இரைப்பைப் புண்ணுன்னு நினைக்கிறோம். ஐ.பி.எஸ். வேற, அதுல குடல் தொந்தரவு பண்ணும், ஆனா புண் இருக்காது. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு மலத்துல ரத்தம் வந்தா, "மூலச்சூடு, மோர் குடி, வெந்தயம் சாப்பிடு"ன்னு சொல்லியே சில மாசம் ஓடிடும். போதாததுக்கு, இந்தியாவுல குடல் காசநோயும் க்ரோன்ஸும் பார்க்கிறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். கொலோனோஸ்கோப்பி பண்ணி, சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிச்சாலும் சில நேரம் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஆக, நோய் இன்னதுன்னு உறுதியாகும்போதே அந்தக் குடும்பம் பாதி களைச்சுப் போயிருக்கும். இந்தக் களைப்பை மனசுல வெச்சுக்கிட்டுதான் மேல பேசணும்.

பிள்ளைகளுக்கு ஏன் இது வேற கணக்கு

இந்த நோய் வர்றவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தருக்கு இருபது வயசுக்குள்ளயே தெரிய வருது. அந்த வயசுல வர்றதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. வளர்ச்சி.

குடல்ல அழற்சி இருந்தா பிள்ளை கம்மியாச் சாப்பிடும். சாப்பிட்டதுலயும் சத்து சரியா உடம்புல சேராது. இது எல்லாருக்கும் புரியும். புரியாத இன்னொரு பக்கம் என்னன்னா, அழற்சியில உருவாகிற வேதிப்பொருட்களே வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யறதைத் தடுக்கும். அதனால, பெருசா வயித்துப்போக்கு இல்லாத பிள்ளைகூட உயரம் போடாம நிக்கும். க்ரோன்ஸ் உள்ள சில பிள்ளைகளுக்கு முதல் அறிகுறியே இதுதான். ரெண்டு வருஷமா அதே பேன்ட் அளவு, வகுப்புல முன் பெஞ்சுக்கு நகர்ந்துக்கிட்டே வர்றது, பருவம் அடையறது தள்ளிப் போறது.

எலும்போட முனையில இருக்கிற வளர்ச்சித் தட்டு, பருவ வளர்ச்சி முடியும்போது மூடிக்கும். மூடினதுக்கப்புறம் நோய் முழுசா அடங்கினாலும், விட்டுப் போன உயரம் திரும்ப வராது. நாற்பது வயசுக்காரர் ஒருத்தர் ஏதோ ஒரு சிகிச்சையை ஆறு மாசம் முயற்சி பண்ணிப் பார்த்து, சரி வரலன்னு திரும்பி வந்தா, இழப்பு உண்டுதான், ஆனா வளர்ச்சிங்கிற கணக்கு அவருக்கு இல்ல. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு அந்த ஆறு மாசம் அப்படி இல்ல. பிள்ளைகள் விஷயத்துல 'சும்மா கொஞ்ச நாள் பண்ணிப் பார்ப்போமே'ங்கிற பேச்சுக்கு விலை அதிகம்னு சொல்றது இதனாலதான்.

மருந்து என்ன செய்யுது, என்ன செய்யறதில்ல

க்ரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு முதல்ல தர்ற சிகிச்சைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? மாத்திரையே இல்ல. ஆறுலேருந்து எட்டு வாரம், வேற எந்தச் சாப்பாடும் இல்லாம, சத்துத் திரவம் மட்டும் குடிக்கிறது. அது மட்டுமே பல பிள்ளைகளுக்குக் குடல் புண்ணை ஆத்துது, வளர்ச்சியையும் மீட்டுத் தருது. சொல்றதுக்கு ஈஸி. தீபாவளி அன்னிக்கு வீட்டுல எல்லாரும் சாப்பிடும்போது அந்தப் பிள்ளை ஒரு டம்ளரை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கு மேல நோயோட தீவிரத்தைப் பொறுத்து மெசாலமின், ஸ்டீராய்டு, அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி ஊசிகள்னு போகும். இன்ஃப்ளிக்சிமாபை முதல் டோஸுக்கப்புறம் இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், பிறகு வழக்கமா எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ்ல ஏத்துவாங்க.

இதுக்கெல்லாம் குறி ஒண்ணு. பிள்ளை 'நல்லா இருக்கேன்'னு சொல்றது மட்டும் போதாது, குடலோட உள்தோல் ஆறணும். அதைப் பார்க்கத்தான் மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒரு பரிசோதனை. குடலுக்குள்ள வந்து சேர்ற வெள்ளை அணுக்கள் விடற புரதம் அது. அழற்சி இருந்தா அளவு ஏறும், ஆறினா இறங்கும்.

ஆனா மருந்து எல்லாத்தையும் சரி பண்றதில்ல, அதையும் ஒத்துக்கணும். புண் ஆறினதுக்கப்புறமும் சில பிள்ளைகளுக்கு வலி தொடரும். ரொம்ப நாள் அழற்சியில இருந்த குடலோட நரம்புகள் சின்னத் தூண்டுதலுக்கும் வலியைக் காட்டப் பழகிடுது. சோர்வு இருக்கும். ஸ்கூல் பஸ்ல போகும்போது அவசரமா பாத்ரூம் வந்துட்டா என்ன பண்றதுங்கிற பயம் இருக்கும். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ் ஏத்தறதுக்கு லீவு போட்டுட்டு, அடுத்த நாள் நண்பன் ஏன் வரலைன்னு கேட்டா பொய் சொல்ற கஷ்டம் இருக்கும். இதுக்கெல்லாம் பத்து நிமிஷ ஆஸ்பத்திரி சந்திப்புல நேரம் கிடைக்கிறதில்ல. குடும்பம் வேற வழி தேடறது இயல்பு. இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்ல. பாஸ்டன், டெட்ராய்ட், லண்டன் மூணு இடத்துலயும் ஐ.பி.டி. உள்ள பிள்ளைகளையும் இளைஞர்களையும் கேட்டு 2002-ல வந்த ஒரு ஆய்வுல, 41 சதவீதம் பேர் ஏதாவது ஒரு துணை மருத்துவம் எடுத்திருந்தாங்க.

ஊசியால என்ன ஆச்சு: ஆய்வுகள்

சரி, அக்குபங்சருக்கு வருவோம். மெல்லிசான ஊசியைக் குறிப்பிட்ட புள்ளிகள்ல குத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு எடுக்கிறது. பல நேரம் கூடவே மாக்ஸாவும் உண்டு. மருக்கொழுந்து இனத்தைச் சேர்ந்த ஒரு செடியோட காய்ந்த இலையைக் கனல வெச்சு, புள்ளிக்கு மேல சூடு காட்டறது. வயிறு சம்பந்தமா அதிகம் பயன்படற புள்ளி ஒண்ணு முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புக்கு வெளிப்பக்கமா இருக்கு. எஸ்.டி.36-ன்னு எண் போட்டுச் சொல்வாங்க.

மூணு ஆய்வு சொல்றேன். முதல் ரெண்டும் ஜெர்மனியில யோஸ்ங்கிறவரோட குழு செஞ்சது. 2004-ல வந்ததுல க்ரோன்ஸ் உள்ள 51 பேர். ஒரு பகுதிக்கு நிஜப் புள்ளிகள்ல ஊசி, இன்னொரு பகுதிக்கு அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்துல ஊசி. நாலு வாரத்துல 10 தடவை. நோய்க் குறியீட்டு எண், நிஜப் புள்ளிக் குழுவுல 250-லேருந்து 163-க்கு இறங்குச்சு. மற்றக் குழுவுல 220-லேருந்து 181. ரெண்டு குழுவுமே முன்னேறுச்சு, நிஜப் புள்ளிக் குழு கூடுதலா முன்னேறுச்சு. மருந்துப்போலி விளைவு இதுல கணிசமா இருக்கு, அதுக்கு மேலயும் ஒரு பலன் இருக்குன்னு அவங்களே முடிவுல எழுதியிருக்காங்க.

2006-ல அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 29 பேர். குறியீட்டு எண் 8-லேருந்து 4.2-க்கு வந்துச்சு, மற்றக் குழுவுல 6.5-லேருந்து 4.8. வித்தியாசம் சின்னது, அதுவும் அந்த ஒரு அளவீட்டுல மட்டும்தான் தெரிஞ்சுது.

மூணாவது சீனாவுல, 2022-ல வெளிவந்தது. மருந்து எடுத்தும் நோய் முழுசா அடங்காத, மிதமான க்ரோன்ஸ் உள்ள 66 பேர். ஊசியும் மாக்ஸாவும் சேர்த்து, வாரம் மூணு தடவை, 12 வாரம். முடிவுல நிஜ சிகிச்சைக் குழுவுல 42.4 சதவீதம் பேருக்கு நோய் அடங்கின நிலை. போலி சிகிச்சைக் குழுவுல 12.1 சதவீதம். ஆள் கணக்குல சொன்னா 33 பேருக்கு 14 பேர், 33 பேருக்கு 4 பேர். இதை அலட்சியமா ஒதுக்க முடியாது.

இந்த எண்களை எப்படிப் படிக்கிறது

கேட்ட உடனே சந்தோஷமா இருக்கும். ஆனா நம்ம பிள்ளைக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கவனிக்கணும்.

முதல் விஷயம், இந்த மூணுமே பெரியவங்ககிட்ட செஞ்ச ஆய்வு. உயரமும் பருவ வளர்ச்சியும் இவங்க யாருக்கும் பிரச்சினையே இல்ல.

ரெண்டாவது, எல்லாமே லேசான அல்லது மிதமான நோய். ராத்திரி முழுக்க ரத்தமாப் போய்க்கிட்டு, காய்ச்சலோட, நாடி வேகமா ஓடற பிள்ளையை யாரும் இந்த ஆய்வுல சேர்க்கல. அந்த நிலையில இருக்கிற பிள்ளைக்கு அவசர சிகிச்சைப் பிரிவுதான் இடம்.

மூணாவது, குறியீட்டு எண்ணுன்னு சொன்னேனே, க்ரோன்ஸுக்கான அந்த எண்ணுல பெரும் பங்கு எங்கேருந்து வருதுன்னா, நோயாளி ஏழு நாள் எழுதி வைக்கிற டைரியிலேருந்து. எத்தனை தடவை இளகிப் போச்சு, வலி எவ்வளவு, மொத்தத்துல எப்படி இருக்கீங்க. வலி குறைஞ்சு, நல்லாத் தூங்கி, மனசு லேசானா அந்த எண் இறங்கும். அது நல்ல விஷயம்தான், வலி குறையறது பொய்யில்ல. ஆனா குடல் ஆறிடுச்சான்னு கேட்டா, அந்த எண்ணை மட்டும் வெச்சுப் பதில் சொல்ல முடியாது.

நாலாவது நம்ம ஊருக்கான விஷயம். தமிழ்நாட்டுல அக்குபங்சர்னு போர்டு போட்டிருக்கிற பல இடத்துல ஊசியே கிடையாது. நாடி பிடிச்சுப் பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால தொட்டு அனுப்புவாங்க. தொடு சிகிச்சைன்னு சொல்றாங்க. நான் மேல சொன்ன ஆய்வுகள்ல நடந்தது அது இல்ல. ஊசியும் சூடும் வெச்சு, ஒரு ஆய்வுல 36 தடவை செஞ்சு கிடைச்ச முடிவைக் கொண்டுவந்து, ஒரு தொடுதலுக்கு ஆதாரமாக் காட்ட முடியாது.

நரம்பு வழியா ஒரு பாதை

அப்ப இதெல்லாம் மனப் பிரமையான்னு கேட்கலாம். அப்படியும் சொல்லிட முடியாது. 2021-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. எலிகளோட பின்னங்கால்ல, இப்ப சொன்ன எஸ்.டி.36 புள்ளியில, லேசான மின் தூண்டல் கொடுத்தாங்க. அந்த இடத்துல இருக்கிற ஒரு குறிப்பிட்ட வகை நரம்பு தூண்டப்பட்டு, வேகஸ் நரம்பு வழியா அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய், உடம்புல அழற்சி குறைஞ்சுது. அதே தூண்டலை வயித்துல இருக்கிற வேற புள்ளியில கொடுத்தப்ப இந்தப் பலன் வரல. ஏன்னா அங்க அந்த வகை நரம்பு ஆழத்துல ஓடல. ஆக, எந்த இடம், எவ்வளவு தீவிரம்ங்கிறதுக்கு உடற்கூறுல ஒரு காரணம் இருக்கலாம்.

எலியிலேருந்து மனுஷனுக்கு வர்றதுக்குள்ள நிறைய மருந்து விழுந்து போயிருக்குங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். இருந்தாலும் இந்தப் பாதையில வேலை நடக்குது. 2023-ல அமெரிக்காவுல, 10 வயசுலேருந்து 21 வயசு வரை ஐ.பி.டி. உள்ள 22 பேருக்கு, காது வழியா வேகஸ் நரம்பை லேசா மின்சாரத்தால தூண்டிப் பார்த்தாங்க. அதுல ஊசி இல்ல, அது அக்குபங்சரும் இல்ல. பலருக்குக் கால்ப்ரொடெக்டின் குறைஞ்சுது. சின்ன ஆய்வு, ஆனா பிள்ளைகள்கிட்டேயே, மலத்துல அளந்து பார்த்த ஆய்வு. சரியான கேள்வி கேட்கிறதுன்னா இப்படித்தான்.

பாதுகாப்பு

பிள்ளைகளுக்கு ஊசி குத்தறது ஆபத்தா? பயிற்சி உள்ள கையில பெரும்பாலும் ஆபத்தில்ல. 2011-ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல வந்த ஒரு தொகுப்பாய்வு, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அக்குபங்சரால வந்ததாப் பதிவான 279 பக்கவிளைவுகளைச் சேகரிச்சுது. அதுல 253 லேசானது. ரத்தக்கட்டு, வலி மாதிரி. ஆனா 25 தீவிரமானது. நுரையீரல்ல துளை விழுந்ததும், தொற்று வந்ததும் அதுல இருக்கு.

நம்ம பிள்ளைகளுக்குக் கூடுதலா ஒரு விஷயம். அசதயோபிரின், ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமாப் எல்லாமே நோய் எதிர்ப்பைக் குறைச்சு வைக்கிற மருந்து. மத்தவங்களுக்குச் சாதாரணமாப் போற ஒரு தோல் தொற்று இவங்களுக்குப் பெருசாகலாம். அதனால ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற, கண் முன்னாடி பிரிக்கிற ஊசிதான் வேணும். நெஞ்சுப் பகுதியில ஆழமாக் குத்தறது வேண்டாம். ஊசியைத் தோலுக்குள்ளயே விட்டு ஒட்டி அனுப்பற முறையும் வேண்டாம். தட்டணுக்கள் குறைவா இருந்தாலோ, வெள்ளை அணு ரொம்ப இறங்கியிருந்தாலோ, முதல்ல மருத்துவரைக் கேட்டுட்டுதான் மத்தது.

இன்னொண்ணு, ஊசியோட சேர்த்து ஒரு பொடியோ லேகியமோ கொடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க. அசதயோபிரின் சாப்பிடற பிள்ளைக்கு ஈரலையும் ரத்த அணுக்களையும் தொடர்ந்து கவனிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பொடி அந்தக் கணக்கைக் குலைச்சிடும்.

"எல்லா மருந்தையும் நிறுத்துங்க"

இப்ப முக்கியமான இடம். ஊசியை விடப் பெரிய ஆபத்து அந்த அறையில பேசப்படற பேச்சுல இருக்கலாம். "கழிவு தேங்கறதுதான் நோய். வயித்துப்போக்கு கழிவு வெளியேறுது, ரத்தம் வர்றதும் அப்படித்தான், தடுக்காதீங்க. இங்கிலீஷ் மருந்தை இன்னியோட நிறுத்திடுங்க." இந்த மாதிரிப் பேச்சு நம்ம ஊர்ல சர்வ சாதாரணமாக் காதுல விழுது. அக்குபங்சர் செய்யற எல்லாரும் இப்படிச் சொல்றதில்ல. ஆனா சொல்றவங்க இருக்காங்க.

கொலைட்டிஸ்ல போற ரத்தம் கழிவு இல்ல. அது அந்தப் பிள்ளையோட ஹீமோகுளோபின்.

நிறுத்தினா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம். சில வாரமா ஸ்டீராய்டு சாப்பிடற பிள்ளையோட அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைச்சுக்கிட்டு இருக்கும். மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாத்தான் குறைக்கணும். இன்ஃப்ளிக்சிமாப் வேற மாதிரி. நடுவுல நிறுத்தினா, உடம்பு அந்த மருந்துக்கு எதிராவே எதிர்ப்பொருள் உருவாக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் நோய் திரும்பி வந்து, மறுபடி ஏத்தப் போனா, ஒவ்வாமை வரலாம், மருந்து வேலை செய்யாமயும் போகலாம். பிள்ளைகளுக்கு நம்ம கையில இருக்கிற மருந்துகள் ஒரு நீளமான வரிசை இல்ல. அதுல ஒண்ணை இப்படி இழக்கிறது பெரிய இழப்பு.

இதுல ஏமாத்தற விஷயம், நிறுத்தின உடனே பிள்ளை நல்லா இருக்கிற மாதிரி தெரியும். மாத்திரையால வந்த குமட்டல் போயிடும், ஸ்டீராய்டால உப்பின முகம் வத்தும், ஊசிக்கு அழ வேண்டியதில்ல. உள்ள ஏற்கெனவே ஆறியிருந்த குடல் சில மாசம் தாங்கும். அந்தச் சில மாசத்தைத்தான் 'குணமாயிடுச்சு'ன்னு நம்பறோம்.

பண்றதுன்னு முடிவு பண்ணினா

இதெல்லாம் கேட்டுட்டும், வலிக்காகவும் சோர்வுக்காகவும் முயற்சி பண்ணலாம்னு நினைக்கிற குடும்பத்துக்கு என் யோசனை இது.

முதல்ல குடல் மருத்துவர்கிட்ட சொல்லுங்க. மறைக்காதீங்க. தொடங்கறதுக்கு முன்னாடி கால்ப்ரொடெக்டின், ஹீமோகுளோபின், எடை, உயரம் எழுதி வெச்சுக்கோங்க. எதுக்காகப் போறீங்கன்னு ஒரே ஒரு விஷயத்தைக் குறிச்சுக்கோங்க. 'வாரத்துல அஞ்சு நாள் வலி இருக்கு, அது குறையணும்' மாதிரி. எட்டு, பத்து தடவைக்கு அப்புறம் அந்த ஒரு விஷயம் மாறியிருக்கான்னு பாருங்க. மாறலைன்னா நிறுத்திடுங்க. மாறியிருந்தா சந்தோஷம், ஆனா கால்ப்ரொடெக்டினைத் திரும்பப் பாருங்க. பிள்ளை நல்லா இருக்கு, ஆனா அந்த அளவு ஏறுதுன்னா, நீங்க நம்ப வேண்டியது அளவை.

யார்கிட்ட போறது? இந்தியாவுல மத்திய அரசு 2003-லேயே அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையா அங்கீகரிச்சிருக்கு. இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ்.-ல இதுவும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்துல அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கு. உடற்கூறு படிச்ச, பதிவு பெற்ற ஆளாப் பாருங்க. போன உடனே மூணு கேள்வி கேளுங்க. க்ரோன்ஸ்னா என்னன்னு தெரியுமா? ஊசி புதுசா? மருந்தைத் தொடரலாமா? மூணாவது கேள்விக்கு 'நிறுத்திடுங்க'ன்னு பதில் வந்தா, செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுங்க.

நேரத்தையும் யோசிங்க. அந்தச் சீன ஆய்வுல மாதிரி வாரம் மூணு நாள்னா, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அது டியூஷன், விளையாட்டு, தூக்கம் எதுலேருந்தாவதுதான் வரணும். சோர்வுக்குப் பார்க்கப் போய்ச் சோர்வைக் கூட்டிக்கிட்டு வரக்கூடாது.

பிள்ளை என்ன சொல்லுது

ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துடறோம். ஊசி குத்தப்போறது அம்மாவுக்கு இல்ல. 2000-ல அமெரிக்காவுல, வலிக்காக அக்குபங்சர் எடுத்த இளவயசு நோயாளிகளையும் குடும்பங்களையும் கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியான பிள்ளைகள் பலன் இருந்ததாச் சொன்னாங்க, இதமா இருந்துச்சுன்னும் சொன்னாங்க. ஊசின்னா பயப்படுவாங்கன்னு நாம நினைக்கிறோம். அரை மணி நேரம் ஒருத்தர் அமைதியா நம்மைக் கவனிக்கிறாங்கங்கிறது, ரத்தம் எடுத்து எடுத்துக் களைச்ச பிள்ளைக்கு வேற அனுபவமா இருக்கலாம். வேண்டாம்னு சொல்ற பிள்ளையும் உண்டு. அதுக்கு ஏற்கெனவே நிறைய ஊசி பார்த்தாச்சு. கட்டாயப்படுத்தாதீங்க. இது கட்டாயமான சிகிச்சை இல்லையே.

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வலி இருந்தா, 'நல்லா இருக்கேன்'னு அம்மாவுக்காகச் சொல்லாதீங்க. மருந்து சாப்பிடப் பிடிக்கலைன்னா, ஜன்னல் வழியாப் போடாம, டாக்டர்கிட்ட நேரா 'பிடிக்கல'ன்னு சொல்லுங்க. மாத்தறதுக்கு வழி இருந்தா மாத்துவாங்க.

மருத்துவ நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா அவங்களுக்கும் ஒண்ணு. "அங்க எல்லாம் ஏன் போனீங்க"ன்னு ஒரு தடவை அதட்டினா, அடுத்த தடவை அந்தக் குடும்பம் போகாம இருக்கப் போறதில்ல, உங்ககிட்ட சொல்லாமப் போகும். மருந்து நின்னு போனதும் அப்படித்தான் நமக்குத் தெரியாமப் போகுது. "சரி, போங்க, மருந்து தொடரட்டும், ஆறு வாரத்துல கால்ப்ரொடெக்டின் பார்ப்போம்"னு சொன்னா, அந்தப் பிள்ளை நம்ம கண்ணுலயே இருக்கும்.

இன்னிக்கு இவ்வளவுதான். உங்க பிள்ளையோட மருந்தைப் பத்தின எந்த முடிவையும் இந்தப் பேச்சை மட்டும் கேட்டு எடுக்காதீங்க, பார்க்கிற மருத்துவர்கிட்ட பேசிட்டு எடுங்க. வீட்டுல ஒரு வேலை மட்டும் தர்றேன். பிள்ளையைச் செவுத்துல நிக்க வெச்சு, உயரத்தைப் பென்சில்ல குறிச்சு, தேதி போட்டு வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. எந்த சிகிச்சை எடுத்தாலும் அந்தக் கோடு மேல ஏறிக்கிட்டே இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.